குறை சொன்னதில் பிறந்த வரைபடம்: புரதங்களுக்கு அளவுகோல் தந்த ஜி.என்.ராமச்சந்திரன்

உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் ஆய்வகமும் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னால், அடுத்ததாக ஒரு சோதனை காத்திருக்கும். சதுரமான ஒரு வரைபடம். அதில் சில பகுதிகளுக்கு மட்டும் நிறம் தீட்டியிருப்பார்கள். அதன் மேல் நூற்றுக்கணக்கான புள்ளிகள். நிறம் தீட்டிய இடத்துக்குள் புள்ளிகள் விழுந்தால் நிம்மதி. வெளியே சிதறிக் கிடந்தால், எங்கேயோ தப்பு நடந்திருக்க வாய்ப்பு உண்டு.

அந்த வரைபடத்தின் பெயர் ராமச்சந்திரன் ப்ளாட். உயிர்வேதியியல் படிக்கும் மாணவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இந்தப் பெயரைத் தாண்டித்தான் போக வேண்டும். அது பிறந்த இடம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம். ஆண்டு 1963.

இதில் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. அவருடைய முந்தைய கண்டுபிடிப்பில் பெரிய விஞ்ஞானிகள் இருவர் குறை கண்டுபிடித்தார்கள். அந்தக் குறைக்குப் பதில் தேடப் போன இடத்தில்தான் இந்த வரைபடம் கிடைத்தது.

யார் இந்த ஜி.என்.ஆர்?

கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் ராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். அப்பா எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். வீட்டிலேயே கணக்கு புழங்கியதால், எண்களிடம் பயம் என்பதே அவருக்கு இல்லாமல் போனது. பின்னாளில் அவர் தொட்ட ஒவ்வொரு துறையிலும் இதன் தடம் தெரியும்.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார். 1942-ல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தபோது எடுத்தது எலெக்ட்ரிக்கல் என்ஜினீயரிங். கொஞ்ச நாளிலேயே இயற்பியல் துறைக்கு மாறிவிட்டார். அங்கே அவருக்கு ஆசிரியராக இருந்தவர் சர் சி.வி.ராமன். படிகங்கள், ஒளி, எக்ஸ் கதிர் என்று ராமனிடம் கற்றவற்றுடன் 1947-ல் கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்துக்குப் போனார். எக்ஸ் கதிர் படிகத்தில் பட்டுச் சிதறுவதை வைத்து அந்தப் படிகத்தின் மீள்தன்மையை எப்படி அளப்பது என்பதுதான் அங்கே அவருடைய ஆய்வு. 1949-ல் முனைவர் பட்டத்துடன் ஊர் திரும்பினார்.

1952-ல் சென்னைப் பல்கலைக்கழகம் புதிதாக இயற்பியல் துறையைத் தொடங்கியது. துணைவேந்தர் ஏ.லட்சுமணசாமி முதலியார் அதன் தலைமைப் பொறுப்பை ராமச்சந்திரனிடம் கொடுத்தார். வயசு முப்பதை எட்டவில்லை. அதற்குள் ஒரு துறைக்கே தலைவர். கையில் எக்ஸ் கதிர் நுட்பம் இருக்கிறது. ஆனால் எதன் மீது அதைப் பாய்ச்சுவது?

தோலில் இருந்து வந்த கேள்வி

அந்தச் சமயத்தில் பிரிட்டனின் புகழ்பெற்ற படிகவியல் அறிஞர் ஜே.டி.பெர்னால் சென்னைக்கு வந்தார். பேச்சு கொலாஜன் பக்கம் திரும்பியது. அதன் வடிவம் என்று அதுவரை வெளிவந்த எதுவும் திருப்தியாக இல்லை என்று பெர்னால் குறிப்பிட்டார். அல்ஃபா சுருளைக் கண்டுபிடித்த லைனஸ் பாலிங்கே 1951-ல் கொலாஜனுக்கு ஒரு மாதிரியை முன்வைத்து, அது சரியாக அமையாமல் போயிருந்தது.

கொலாஜன் என்றால் என்ன? நம் உடம்பில் மிக அதிகமாக இருக்கும் புரதம் அதுதான். தோல், எலும்பு, தசைநாண், ஈறு, ரத்தக் குழாயின் சுவர் எல்லாவற்றையும் இழுத்துக் கட்டி வைத்திருக்கும் கயிறு என்று வைத்துக்கொள்ளலாம். பதனிட்ட தோலிலும் பெரும்பகுதி கொலாஜன்தான். கிண்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே, அடையாறில், மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது வசதியாகப் போயிற்று. மாதிரிகளுக்கு அலைய வேண்டியதில்லை.

ராமச்சந்திரனும் அவருடன் ஆய்வு செய்த கோபிநாத் கர்த்தாவும் வேலையில் இறங்கினார்கள். அவர்களுக்குத் தெளிவான எக்ஸ் கதிர்ப் படம் தந்த பொருள்களில் ஒன்று, கங்காருவின் வாலில் உள்ள தசைநாண்!

எக்ஸ் கதிர் எப்படி வடிவத்தைக் காட்டும்?

ஆஸ்பத்திரியில் எடுக்கும் எக்ஸ்ரே, எலும்பின் நிழலைப் பதிவு செய்கிறது. இது அப்படி இல்லை. எக்ஸ் கதிரின் அலைநீளம், அணுக்களுக்கு இடையில் உள்ள தூரத்துக்கு ஏறத்தாழச் சமம். அதனால் ஒழுங்காக அடுக்கிய அணுக்களின் மீது அது படும்போது சில திசைகளில் மட்டும் பலமாகச் சிதறும். பின்னால் ஒரு ஃபிலிமை வைத்தால் அதில் புள்ளிகளும் வளைவுகளும் பதியும். எந்தக் கோணத்தில் எவ்வளவு கருமையாகப் பதிந்திருக்கிறது என்பதை அளந்து, உள்ளே அணுக்கள் எவ்வளவு இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகின்றன என்று கணக்குப் போடலாம்.

உப்பு, சர்க்கரை மாதிரி நல்ல படிகமாக இருந்தால் ஆயிரக்கணக்கான புள்ளிகள் கிடைக்கும். கொலாஜன் நார்ப்பொருள். அதில் கிடைப்பது சில மங்கலான தடங்கள் மட்டுமே. நாரின் நீளவாக்கில் சுமார் 2.9 ஆங்ஸ்ட்ராமுக்கு ஒருமுறை ஏதோ ஒன்று திரும்ப வருகிறது என்பது அதில் தெரிந்தது. ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு. இந்த ஒரு துப்பை மட்டும் வைத்து முழு வடிவத்தையும் சொல்ல முடியாது.

இன்னொரு துப்பு வேதியியலில் இருந்து வந்தது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற மணிகளைக் கோத்த மாலை. புரதத்தை அமிலத்தில் கொதிக்க வைத்தால் மாலை அறுந்து மணிகள் தனித்தனியாகப் பிரியும். பிறகு எந்த மணி எத்தனை என்று எண்ணலாம். கொலாஜனை இப்படி எண்ணிப் பார்த்தவர்கள், அதில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்று கண்டிருந்தார்கள். கிளைசின்தான் எல்லா மணிகளிலும் சின்னது. பக்கவாட்டில் அதற்கு ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுதான் உண்டு.

மூன்றில் ஒன்று. இந்த விகிதம் தற்செயலாக இருக்க முடியுமா? ராமச்சந்திரன் அப்படி நினைக்கவில்லை. மூன்று சங்கிலிகள் ஒன்றாக ஓடுகின்றன, ஒவ்வொன்றிலும் மூன்றாவது இடத்தில் தவறாமல் கிளைசின் வருகிறது, அது மட்டும்தான் நெருக்கமான நடுப்பகுதிக்குள் நுழைய முடியும் என்று யோசித்தார். 1954-ல் நேச்சர் இதழில் அந்த மாதிரி வெளியானது. அடுத்த ஆண்டே அதைத் திருத்தினார்கள். மூன்று சங்கிலிகளும் நேராக ஓடாமல், கயிறு திரிப்பது போல ஒன்றை ஒன்று சுற்றி முறுக்கிக்கொள்கின்றன. தனித்தனியாகச் சுருண்ட மூன்று புரிகள் சேர்ந்து மறுபடியும் முறுக்கிய முப்புரிச் சுருள். டிஎன்ஏ இரட்டைச் சுருள் வெளிவந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது.

கேம்பிரிட்ஜில் இருந்து வந்த அடி

1955 முடிவதற்குள் அதே நேச்சர் இதழில் இன்னொரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் அலெக்ஸாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும். ஆமாம், டிஎன்ஏ புகழ் கிரிக்தான். மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொள்ளும் அடிப்படை யோசனையை அவர்களும் ஏற்றார்கள். ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று அளவுக்கு மீறி நெருங்கி இருக்கின்றன என்றார்கள். சங்கிலிகளைப் பிணைக்க மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் இருப்பதாகச் சென்னைக் குழு சொல்லியிருந்தது. அவ்வளவு பிணைப்புக்கு இடமில்லை, ஒன்றுதான் சாத்தியம் என்பது ரிச், கிரிக் இருவரின் வாதம்.

இது சின்ன விஷயம் மாதிரி தெரியலாம். அறிவியலில் இது பெரிய அடி. யோசனை உங்களுடையதாக இருந்தாலும், விவரம் தப்பு என்று காட்டிவிட்டால் பெயர் வேறு பக்கம் சாய்ந்துவிடும். எதிரே இருப்பது கேம்பிரிட்ஜும் லண்டனும். இங்கே இருப்பது தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன ஒரு துறை.

ராமச்சந்திரன் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. வாக்குவாதத்தைத் தொடரலாம். அல்லது சண்டைக்கு அடிப்படையான கேள்வியையே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு அணுக்கள் எவ்வளவு கிட்ட வரலாம்? அளவுக்கு மீறி என்றால், அந்த அளவு எது? அதை நிர்ணயித்தது யார்?

தேடிப் பார்த்தால், எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரே அளவு எங்கேயும் இல்லை.

அளவுகோலைச் செய்தவர்கள்

அதனால் அவரே அந்த அளவைத் தயாரிக்கும் வேலையில் இறங்கினார். கூட இருந்தவர்கள் வி.சசிசேகரன், சி.ராமகிருஷ்ணன் என்ற இரண்டு இளம் ஆய்வாளர்கள். அமினோ அமிலங்கள், சின்னச் சின்ன பெப்டைடுகள், இன்னும் அவை போன்ற சேர்மங்களின் படிக வடிவங்கள் துல்லியமாக அளந்து வெளியாகியிருந்தன. அவற்றில் ஒன்றோடொன்று பிணையாத அணுக்கள் எவ்வளவு நெருங்கி வந்திருக்கின்றன என்று ஒவ்வொன்றாகச் சேகரித்தார்கள். கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையில் வழக்கமான எல்லை 3.2 ஆங்ஸ்ட்ராம், மிகவும் நெருக்கினால் 3.0. இப்படி ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு எல்லைகள்.

அடுத்து ஒரு பெரிய கேள்வி வந்தது. இந்த எல்லைகளை மீறாமல் ஒரு புரதச் சங்கிலி எப்படியெல்லாம் வளைய முடியும்?

புரதச் சங்கிலியை விறைப்பான சின்னச் சின்ன அட்டைகளின் தொடர் என்று கற்பனை செய்யுங்கள். ஓர் அட்டையும் அடுத்த அட்டையும் ஒரு கார்பன் அணுவில் சேர்கின்றன. அங்கே இரண்டு கீல்கள் உண்டு. ஒன்று திரும்பும் கோணத்துக்கு ஃபை என்று பெயர், மற்றதுக்கு சை. சங்கிலி முழுவதிலும் இந்த இரண்டு கோணங்களும் தெரிந்துவிட்டால் அதன் முதுகெலும்பின் வடிவமே தெரிந்த மாதிரி.

சின்ன ரூமில் பீரோ கதவும் அறைக் கதவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும்? தனித்தனியாக இரண்டும் நன்றாகத் திறக்கும். இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் இடித்துக்கொள்ளும். எந்தக் கதவு எவ்வளவு திறந்திருந்தால் மற்றது எவ்வளவு திறக்கலாம் என்று ஒரு அட்டவணை போட முடியும் அல்லவா? ஃபை, சை கோணங்களுக்கு சென்னைக் குழு போட்ட அட்டவணை அதுதான். குறுக்கே ஃபை, நெடுக்கே சை. கோணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஒவ்வொரு நிலையிலும் எந்த அணுவாவது இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்று போனில்கூட நொடியில் முடிந்துவிடும் கணக்கு. அன்று மேசைக் கணக்கு இயந்திரத்தில், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள்.

முடிவு அவர்கள் எதிர்பார்த்ததைவிடச் சுத்தமாக வந்தது. பெரும்பாலான கோண ஜோடிகளில் அணுக்கள் இடித்துக்கொண்டன. மொத்த வரைபடத்தில் கால்வாசிக்கும் குறைவான இடம்தான் புரதச் சங்கிலிக்கு அனுமதி. அதுவும் சில தனித்தனித் தீவுகளாக. அல்ஃபா சுருளின் கோணங்கள் ஒரு தீவில் விழுந்தன. பீட்டா இழைகளும் கொலாஜனும் இன்னொரு தீவில். பக்கச் சங்கிலி இல்லாத கிளைசினுக்கு மட்டும் நிறைய இடம் கிடைத்தது. அதைத் தனியாகத்தான் வரைய வேண்டும்.

1963-ல் ஜர்னல் ஆஃப் மாலிக்யூலர் பயாலஜி இதழில் இது வெளியானது. அந்த நேரத்தில் அணு அளவில் வடிவம் தெரிந்த புரதம் மயோகுளோபின் மட்டும்தான் என்றே சொல்லலாம். அதாவது, புரதங்களின் வடிவங்கள் வரிசையாக வெளிவருவதற்கு முன்பே, அவை எங்கே இருக்கும் என்று கிண்டியில் வரைந்துவைத்துவிட்டார்கள். பிறகு வந்த புரதங்கள் ஒவ்வொன்றாக அந்தத் தீவுகளில் போய் உட்கார்ந்தன.

ஈறில் ரத்தம் வந்தால் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. புரதம் உருவான பிறகு உடல் அதில் சின்னச் சின்ன மாற்றங்களைச் செய்யும். கொலாஜனில் புரோலின் என்ற மணி நிறைய இருக்கிறது. செல்லுக்குள் ஒரு நொதி அவற்றில் பலவற்றின் மீது ஓர் ஆக்ஸிஜன் அணுவைச் சேர்த்து ஹைட்ராக்ஸிபுரோலின் ஆக்கிவிடும். அந்த நொதி தொடர்ந்து வேலை செய்ய வைட்டமின் சி வேண்டும்.

இந்த மாற்றம் நடக்காத கொலாஜன் சுமார் 24 டிகிரி செல்சியஸிலேயே முறுக்கு அவிழ்ந்துவிடும். நம் உடல் வெப்பம் 37 டிகிரி. அப்படியானால் உடம்புக்குள் அந்தக் கயிறு நிற்காது என்று அர்த்தம். கடல் பயணிகளை வாட்டிய ஸ்கர்வி நோயில் ஈறு வீங்கி ரத்தம் கசிவதும், பழைய காயங்கள் மறுபடி திறப்பதும் இதனால்தான்.

ஓர் ஆக்ஸிஜன் அணு எப்படி இவ்வளவு வித்தியாசம் செய்கிறது? ராமச்சந்திரன் இந்தக் கேள்வியையும் விடவில்லை. 1968-ல் நீர் மூலக்கூறு ஒன்று நடுவில் நின்று பாலம் போல இரண்டு சங்கிலிகளைப் பிணைக்கலாம் என்றார். 1973-ல் ஹைட்ராக்ஸிபுரோலின் அந்தப் பாலத்துக்கு எப்படிக் கை கொடுக்கும் என்று தன் குழுவோடு சேர்ந்து விளக்கினார். பின்னால் வந்த ஆய்வுகள் வேறு காரணங்களையும் முன்வைத்தன. அந்த ஆக்ஸிஜன், புரோலின் வளையத்தையே முறுக்குக்கு ஏற்ற நிலையில் நிறுத்திவைக்கிறது என்பது அதில் முக்கியமானது. இன்று இந்த மாற்றத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். மாஸ் ஸ்பெக்ட்ராமெட்ரி என்ற எடை பார்க்கும் கருவியில், எதிர்பார்த்ததைவிட 16 அலகு கூடுதலாகக் காட்டினால், ஓர் ஆக்ஸிஜன் சேர்ந்திருக்கிறது என்று புரிந்துகொள்வார்கள்.

கிளைசின் விதியும் அப்படித்தான். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, மூன்றாவது இடத்தில் கிளைசினுக்குப் பதிலாகப் பெரிய மணி ஒன்று வந்தால் முப்புரி சரியாக முறுக்காது. சின்ன அடிக்கும் எலும்பு முறியும் பிறவி நோய்க்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கடைசியில் யார் சொன்னது சரி?

பதில் வர 1994 ஆயிற்று. கொலாஜனைப் போலவே செயற்கையாகச் செய்த ஒரு பெப்டைடைப் படிகமாக்கி, 1.9 ஆங்ஸ்ட்ராம் தெளிவில் அமெரிக்க ஆய்வாளர்கள் அதன் வடிவத்தைப் பார்த்தார்கள். மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொண்டு ஓடுகின்றன. நடுவில் கிளைசின். சென்னை சொன்னதுதான். சங்கிலிகளுக்கு இடையே நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு மூன்று மணிகளுக்கு ஒன்று. ரிச்சும் கிரிக்கும் சொன்னதுதான். சுற்றிலும் ஹைட்ராக்ஸிபுரோலினைத் தொட்டுக்கொண்டு நீர் மூலக்கூறுகளின் வலை. அங்கேயும் ராமச்சந்திரனின் யோசனையின் நிழல் தெரிகிறது.

ஆக, விமர்சனம் செய்தவர்கள் ஒரு விவரத்தில் சரி. ஆனால் அந்த விவரத்துக்குப் பதில் தேடியதில் கிடைத்த வரைபடம், கொலாஜன் என்ற ஒரு புரதத்தைத் தாண்டி எல்லாப் புரதங்களுக்கும் பொதுவாகிவிட்டது.

நோபல் ஏன் இல்லை?

இந்தக் கேள்வி அவர் பெயர் வரும்போதெல்லாம் வரும். வாங்கவில்லை என்பது மட்டும்தான் உறுதியான பதில். 1961-ல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது, 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் தகுதி, 1999-ல் படிகவியலின் உயரிய எவால்ட் பரிசு ஆகியவை அவரைத் தேடி வந்தன.

1970 வாக்கில் சென்னையை விட்டுப் போனவர், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் மூலக்கூறு உயிர்இயற்பியல் துறையை உருவாக்கினார். 1971-ல் ஏ.வி.லட்சுமிநாராயணனோடு சேர்ந்து, பல கோணங்களில் எடுத்த எக்ஸ் கதிர்ப் பதிவுகளில் இருந்து உள்ளே இருப்பதன் உருவத்தை வேகமாகக் கட்டியெழுப்பும் கணக்கு முறையை வெளியிட்டார். சிடி ஸ்கேன் வளர்ந்தபோது இந்த வகைக் கணக்குக்குப் பெரிய பயன் இருந்தது. கிடைத்த நிழல்களில் இருந்து உள்ளே இருப்பதைச் சொல்வது எப்படி என்ற அதே கேள்விதான், கொலாஜனிலும் இங்கேயும்.

கடைசி ஆண்டுகளில் பார்க்கின்சன் நோய் அவரைப் படுத்தியது. மனைவி ராஜலட்சுமி 1998-ல் காலமானார். 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் ராமச்சந்திரன் மறைந்தார்.

இன்னும் ஏன் தேவை?

எக்ஸ் கதிரோடு இன்று என்எம்ஆர், உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கி எல்லாம் வந்துவிட்டன. ஆல்ஃபாஃபோல்டு போன்ற செயற்கை நுண்ணறிவு, அமினோ அமில வரிசையைப் பார்த்தே வடிவத்தைக் கணித்துவிடுகிறது. அதை உருவாக்கியவர்களுக்கு 2024-ல் நோபலும் கிடைத்தது. புரோட்டீன் டேட்டா பேங்க் என்ற பொதுக் களஞ்சியத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் இருக்கின்றன.

எந்த வழியில் வந்தாலும், அந்த வடிவம் நம்பகமானதா என்று பார்க்கும் அறிக்கையில் ராமச்சந்திரன் கணக்கு ஒரு வரியாக இருக்கும். எத்தனை புள்ளிகள் அனுமதித்த பகுதிக்கு வெளியே? மருந்து கண்டுபிடிப்பவர்களுக்கு இது வெறும் சடங்கு இல்லை. தப்பான வடிவத்தை நம்பி மருந்து மூலக்கூறை வடிவமைத்தால் வருடக்கணக்கான உழைப்பு வீண்.

ஒரு எச்சரிக்கையும் இருக்கு. வெளியே விழுந்த புள்ளி எல்லாமே தப்பு என்று அர்த்தமில்லை. சில புரதங்கள் தங்கள் வேலையைச் செய்வதற்காகவே ஓரிடத்தில் சங்கடமான நிலையில் வளைந்து நிற்கும். அந்தப் புள்ளி ஆய்வாளரிடம் ஒரு கேள்வி கேட்கிறது: இந்த இரண்டு அணுக்கள் நிஜமாகவே இவ்வளவு நெருங்கி இருக்கின்றனவா? மறுபடி போய் அளந்து பார்த்தாயா?

1955-ல் ராமச்சந்திரனிடம் கேட்கப்பட்ட அதே கேள்விதான். எட்டு வருஷம் உழைத்து அதற்கு ஓர் அளவுகோல் செய்தார். இன்று அதை வைத்து உலகம் எல்லாரிடமும் கேட்கிறது.